குயிலின் கூடு: ஒரு நாவலும் அதன் வாசகர்களும்

குயில் தனக்கெனக் கூடு கட்டுவதில்லை. காகத்தின் கூட்டில் முட்டையிட்டுவிட்டு அகன்றுவிடும். இதனைத் தமிழ்ச் சிறுவர்கள் தொடக்க வகுப்புகளிலேயே அறிந்துகொள்கின்றனர். நம் இலக்கிய மரபில் குயில் இன்குரலுக்கும் இளவேனிலுக்கும் உரிய பறவை. ஆங்கிலப் பேச்சு வழக்கிலோ அப்பறவை இனத்தின் பெயருக்கு வேறொரு பொருளும் உண்டு. அறிவு பேதலித்தவரை அவர்கள் 'குக்கூ' என்று சொல்லி நகையாடுவர். ஆகவே 'குக்கூவின் கூடு' என்பது அவர்கள் வழக்கில் மனநோயாளர் அடைபட்டிருக்கும் இல்லமாகிறது.

இத்தகைய நகைப்புச் சொல் நம்மிடமும் இல்லாமல் இல்லை. அங்கொடை என்பது கொழும்பை அடுத்த ஓர் ஊர். கீழ்ப்பாக்கம் என்பது சென்னை மாநகரின் ஒரு பகுதி. இவ்விரண்டும் பல்லாயிரம் மக்கள் வாழும் ஊர்களே. ஆயினும் இலங்கையில் ஒருவனைப் பார்த்து 'இவனை அங்கொடைக்குத்தான் அனுப்பவேண்டும்' என்றாலும், தமிழ்நாட்டில் 'கீழ்ப்பாக்கத்துக்குப் போ' என்றாலும் கேட்போர் சிரிக்கின்றனர். அவ்வூர்களில் மனநோய் வைத்தியசாலை அமைந்தது ஒன்றே அவை செய்த குற்றம்.

நுவரெலியாவிலிருந்து இராகலைக்குச் செல்லும் பாதையில் கந்தப்பளை என்னும் சிற்றூர் உள்ளது. நாற்புறமும் தேயிலை மலைகள். காலையும் மாலையும் பனிமூட்டம். இத்தகைய தோட்டப் புறங்களில் ஒருவரின் மனம் கலங்கிவிட்டால் முற்காலத்தில் உறவினர் முதலில் நாடியது கோடாங்கியையே. உடுக்கை ஒலித்தது, விபூதி மந்திரிக்கப்பட்டது, முனி பற்றியதென்றும் செய்வினை என்றும் காரணம் கூறப்பட்டது. அதற்கும் அடங்காத நோயாளர், 1873ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த நெறிப்படி, நீதிமன்ற விசாரணைக்குப் பின்னரே மனநோயாளர் இல்லத்துக்கு அனுப்பப்பட்டனர். நோயுற்றவர் குற்றவாளியைப்போல நீதிபதியின்முன் நின்றார். பின்பு நானுஓயாவில் புகைவண்டி ஏறித் தலைநகரை நோக்கிப் பயணமானார். லயத்தில் எஞ்சியவர்களுக்கு அந்த மதிலின் அகத்தே நடப்பது யாதென்று தெரியாது. தெரியாமையிலிருந்து அச்சம் பிறந்தது; அச்சத்திலிருந்து கேலி பிறந்தது.

அத்தகைய மதில் ஒன்றின் கதவைத் திறந்து, உலகெங்கும் இலட்சக்கணக்கான வாசகரை உள்ளே அழைத்துச் சென்றது ஓர் அமெரிக்க நாவல். 'ஒன் புளூ ஓவர் த குக்கூஸ் நெஸ்ட்' என்பது அதன் பெயர். குயிலின் கூட்டுக்கு மேலாகப் பறந்தது ஒன்று என அதனைத் தமிழில் கூறலாம். சிறுவர் விளையாட்டுப் பாடல் ஒன்றிலிருந்து பிறந்த தலைப்பு அது. 1962ஆம் ஆண்டு பெப்ரவரியில் அந்நூல் வெளிவந்தது. அதனைப் படித்தவர்கள் எவ்வாறு எதிர்வினை புரிந்தனர் என்பது நூலின் கதையைப் போலவே சுவையானது. சில இடங்களில் அதனினும் துயரமானது.

நாவலை இயற்றியவர் கென் கெசி. 1935ஆம் ஆண்டு கொலராடோவில் பிறந்து, ஒரிகன் மாநிலத்தில் வளர்ந்தவர். ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் எழுத்துக்கலை பயில வந்த அவர், அருகிலிருந்த மென்லோ பார்க் நகரின் முன்னாள் படைவீரர் வைத்தியசாலையில் ஊதியம் பெற்றுக்கொண்டு மருந்துப் பரிசோதனைகளுக்குத் தம் உடலை ஒப்புவித்தார். மனமயக்கம் தரும் மருந்துகளைக் குறித்த அந்த ஆராய்ச்சிக்கு உளவுத்துறையின் பணம் பின்னணியில் இருந்தது பிற்காலத்தில் வெளியாயிற்று. அதே வைத்தியசாலையின் மனநோய்ப் பிரிவில் கெசி இரவுநேரப் பணியாளராகவும் அமர்ந்தார். நள்ளிரவில் நோயாளர் பேசுவதைக் கேட்டார். இவர்களுள் பலர் பித்தர் அல்லர். சமுதாயம் வகுத்த அச்சில் அடங்காதவர்களே என்ற எண்ணம் அவர் உள்ளத்தில் வேரூன்றியது. அவ்வெண்ணமே நாவலாக வளர்ந்தது.

கதை நிகழும் இடம் ஒரிகன் மாநிலத்து மனநோய் வைத்தியசாலையின் ஒரு பிரிவு. கதையைச் சொல்பவன் புரொம்டன் என்பான். அவன் தந்தை செவ்விந்தியப் பழங்குடியின் தலைவர்; தாய் வெள்ளையினப் பெண். பேருருவம் படைத்த அவன் செவிடனாகவும் ஊமையாகவும் நடித்துப் பல்லாண்டுகளை அங்கே கழித்துவிட்டான். அவனுக்குக் காது கேட்காது என்று நம்பியவர்கள் அவன் முன்னிலையிலேயே எல்லாவற்றையும் பேசுகின்றனர். அப்பிரிவை ஆள்பவர் தலைமைத் தாதி ராச்செட். அவர் உரத்துப் பேசுவதில்லை, கை ஓங்குவதுமில்லை. ஒழுங்கின் பெயராலும் நன்மையின் பெயராலும், ஒரு நோயாளியின் இரகசியத்தை மற்றொரு நோயாளியின் வாயால் வெளிப்படச் செய்து, அனைவரையும் நாணத்தால் கட்டிவைக்கிறார்.

சிறைப்பண்ணையின் கடும் உழைப்பிலிருந்து தப்புவதற்காகப் பித்துப் பிடித்தவனாக நடித்து மக்மர்பி என்பவன் அங்கே வந்து சேர்கிறான். அவன் வருகையோடு நகைப்பும் வருகிறது. தொலைக்காட்சியில் பந்தாட்டம் பார்ப்பதற்கு உரிமை வேண்டி அவன் வாக்கெடுப்பு நடத்துகிறான். பல்லாண்டு அசையாதிருந்த புரொம்டனின் கை இறுதியில் உயர்கிறது. உள்ளே இருப்போருள் பெரும்பாலோர் தாமாக விரும்பி வந்தவர்கள், நினைத்தால் வெளியேறக்கூடியவர்கள் என்று மக்மர்பி அறிந்து திகைக்கும் இடம் நாவலின் திருப்புமுனை. முடிவில் மக்மர்பி மின்னதிர்ச்சிக்கும், பின்னர் மூளை அறுவைக்கும் உள்ளாக்கப்பட்டு உணர்வற்ற உடலாக மீள்கிறான். அவனை அந்நிலையில் விட்டுவைக்க மனமில்லாத புரொம்டன் அவன் மூச்சை நிறுத்திவிட்டு, சாளரத்தை உடைத்துக்கொண்டு விடுதலை பெறுகிறான்.

இந்நூல் வெளிவந்த காலம் கவனிக்கத்தக்கது. 1955ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அரசாங்க மனநோய் இல்லங்களில் ஏறத்தாழ 5 இலட்சத்து 59 ஆயிரம் பேர் அடைபட்டிருந்தனர். மூளை நரம்புகளைத் துண்டிக்கும் அறுவைமுறையை வகுத்த போர்த்துக்கேய மருத்துவர் ஏகாஸ் மொனிஸ் 1949ஆம் ஆண்டு நோபெல் பரிசே பெற்றிருந்தார். 1950களில் குளோர்ப்புரோமசீன் என்னும் மருந்து பரவியபின் அந்த அறுவை அருகத் தொடங்கியது. 1961ஆம் ஆண்டில் எர்விங் கொவ்மன் என்ற சமூகவியலாளர் இத்தகைய இல்லங்கள் மனிதனை எவ்வாறு உருக்குலைக்கின்றன என்று ஆராய்ந்து நூல் எழுதினார். அதே ஆண்டில் தோமஸ் சாஸ் என்ற மருத்துவர் மனநோய் என்ற கருத்தையே மறுத்து எழுதினார். அறிஞர்கள் வாதித்துக்கொண்டிருந்த பொருளை, பந்தாட்டமும் சீட்டாட்டமும் மீன்பிடிப் பயணமும் நிறைந்த கதையாக்கிப் பொதுமக்களின் கையில் கொடுத்தவர் கெசி.

எனினும் முதல் வாசகர்களுள் பலர் அதனை வைத்தியசாலையைப் பற்றிய நாவலாகப் படிக்கவே இல்லை என்பது வியப்புக்குரியது. கல்லூரி இளைஞர்கள் அந்த நோய்ப்பிரிவில் தம் நாட்டையே கண்டனர். புரொம்டன் தன் கலங்கிய உள்ளத்தில், உலகமனைத்தையும் ஒரே அச்சில் வார்க்கும் மாபெரும் இயந்திரம் ஒன்று சுவர்களுக்குப் பின்னால் ஓடுவதாகக் கருதுகிறான். அந்த இயந்திரம் இளைஞர்களுக்கு அரசாங்கமாகவும், தொழிற்சாலையாகவும், படைக்கு ஆள் சேர்க்கும் அலுவலகமாகவும் தோன்றிற்று.

மேடையின் வரலாறும் இதற்குச் சான்று பகர்கிறது. டேல் வாசர்மன் நாவலை நாடகமாக்கினார். புகழ்பெற்ற நடிகர் கேர்க் டக்ளஸ் நாயகனாக நடித்து, 1963ஆம் ஆண்டு நவம்பரில் நியூயோர்க்கின் பிராட்வே அரங்கில் அது மேடையேறியது. சில மாதங்களுக்குள் திரை விழுந்தது. அதே நாடகம் 1971ஆம் ஆண்டில் அந்நகரின் சிறிய அரங்கு ஒன்றில் மீண்டும் நடிக்கப்பட்டபோது ஆயிரம் முறைக்கு மேல் தொடர்ந்து நடைபெற்றது. நாடகம் மாறவில்லை, பார்ப்போர் மாறிவிட்டனர். இடைப்பட்ட எட்டாண்டுகளில் வியட்நாம் போர் ஒரு தலைமுறைக்கு அதிகாரத்தின்மீது இருந்த நம்பிக்கையை உடைத்திருந்தது.

கடல் கடந்தும் இவ்வாறே நேர்ந்தது. 1975ஆம் ஆண்டில் நாவலைத் திரைப்படமாக்கிய மிலோஸ் போர்மன் செக்கோசிலவாக்கியாவில் பிறந்தவர். பெற்றோரை நாசிகளின் முகாம்களில் இழந்தவர். பின்னர் பொதுவுடைமை ஆட்சியின் கெடுபிடியைக் கண்டவர். எதைச் செய்யலாம், எதைச் செய்யலாகாது என்று தமக்குக் கட்டளையிட்ட கட்சியே தம் வாழ்வின் தாதி ராச்செட் என்று அவர் பிற்காலத்தில் கூறினார். அமெரிக்க இளைஞன் அந்தத் தாதியின் முகத்தில் அமெரிக்காவைக் கண்டான். பிராகா நகரத்துக் கலைஞரோ அதற்கு நேர்மாறான ஆட்சியைக் கண்டார். ஒடுக்கப்பட்டவர் ஒவ்வொருவரும் தம்மை ஒடுக்கியவரை அங்கே காண முடிந்தது. நாவலின் வெற்றியும் இதுவே. அது விளைவித்த தீங்கின் தொடக்கமும் இதுவே. உவமையாகிவிட்ட வைத்தியசாலையில் உண்மை நோயாளியை எவரும் தேடவில்லை.

அத்திரைப்படம் சிறந்த படம், இயக்கம், நடிகர், நடிகை, திரைக்கதை ஆகிய ஐந்து பெரும் ஒஸ்கார் விருதுகளையும் ஒருங்கே பெற்றது. அதற்குமுன் அப்பேறு பெற்றது 1934ஆம் ஆண்டுப் படம் ஒன்றே. ஆனால் நாவலாசிரியர் மகிழவில்லை. புரொம்டனின் வாய்மொழியாக அமைந்த கதையை மக்மர்பியின் கதையாக மாற்றிவிட்டனர் என்பது கெசியின் மனக்குறை. அவர் வழக்கும் தொடுத்தார்.

அக்குறை வெறும் எழுத்தாளர் பிடிவாதம் அன்று. புரொம்டனின் குலத்தார் கொலம்பியா நதியின் அருவியோரத்தில் வழிவழியாக மீன் பிடித்து வாழ்ந்தவர்கள். அணை கட்டுவதற்காக அரசாங்கம் அவ்விடத்தை விலைபேசி எடுத்துக்கொண்டது. தலைவரான தந்தை நொறுங்கிப் போனார், மகன் மௌனமானான். இது முற்றிலும் கற்பனை அன்று. 1957ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் டாலஸ் அணையின் நீர் உயர்ந்து, பழங்குடியினர் நெடுங்காலமாக மீன் பிடித்துவந்த செலிலோ அருவி சில மணி நேரத்தில் மூழ்கிப்போயிற்று. மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்தின் அடியில் பழைய மஸ்கெலியா நகரம் மூழ்கியதையும், நீர் வற்றும் காலத்தில் அங்கிருந்த கோயிலின் இடிபாடுகள் தலைகாட்டுவதையும் கண்ட மலைநாட்டு மக்களுக்கு இந்த இழப்பை விளக்க வேண்டியதில்லை. ஒருவனின் மனம் உடைவது அவனுடைய மண்டைக்குள் மட்டும் நிகழும் செய்தி அன்று. அவன் நின்ற நிலம் போனாலும் மனம் போகும். நாவலில் ஆழமான இடம் இதுவே. லெஸ்லி பீட்லர் என்ற திறனாய்வாளர் 1968ஆம் ஆண்டில் எழுதிய நூலில், அமெரிக்க இலக்கியத்திலிருந்து மறைந்துகொண்டிருந்த செவ்விந்தியன் இங்கே திரும்பி வருகிறான் என்று இந்நாவலுக்குச் சிறப்பிடம் அளித்தார்.

போற்றுவோர் பெருகியபோது கண்டிப்போரும் எழுந்தனர். 1971ஆம் ஆண்டில் நாடகம் வெற்றிநடை போட்டுக்கொண்டிருந்தபோது மார்சியா பால்க் என்ற எழுத்தாளர் 'நியூயோர்க் டைம்ஸ்' இதழில் கடுமையான மறுப்பு ஒன்றை எழுதினார். இக்கதையில் ஆணின் விடுதலைக்குத் தடையாக நிற்பவள் எப்பொழுதும் பெண்ணாகவே இருப்பது ஏன் என்பது அவர் எழுப்பிய வினா. அவ்வினாவில் நியாயம் உண்டு. நாவலில் வரும் பெண்கள் அடக்கியாளும் தாதியாகவோ, மகனைக் கெடுக்கும் தாயாகவோ, கணவனைக் குறுக்கும் மனைவியாகவோ, ஆடவரை மகிழ்விக்கும் விலைமகளாகவோ வருகின்றனர். இவற்றுக்கு அப்பாற்பட்ட பெண் ஒருத்தியைக் காண்பது அரிது. அவ்வாறே தாதியின் ஏவலுக்குப் பணிந்து நோயாளரை வதைக்கும் உதவியாளர்கள் கறுப்பினத்தவராகச் சித்திரிக்கப்பட்டிருப்பதும் பலருடைய நெஞ்சை உறுத்திற்று. விடுதலையைப் பாடும் நூல் ஒன்று சிலரைச் சிறுமைப்படுத்தியே அதனைப் பாடுகிறதோ என்று அவர்கள் கேட்டனர்.

தாதியர் தொழிலைச் சார்ந்தவர்களின் வருத்தமும் இத்துடன் சேர்ந்தது. இரவெல்லாம் விழித்திருந்து நோயாளருக்கு உணவூட்டி உடைமாற்றும் பணியாளரைப் பற்றி உலகம் அறிந்த ஒரே பெயர் ராச்செட் என்று ஆகிவிட்டது. திரைப்படத்தில் அப்பாத்திரத்தை ஏற்ற லூயிஸ் பிளெச்சர் அவளைக் கொடியவளாகக் காட்டாமல், தான் செய்வது நன்மையே என்று மனமார நம்பும் பெண்ணாகக் காட்டினார். விருது பெற்ற மேடையில் செவிப்புலன் இழந்த தம் பெற்றோருக்கு அவர் கைச்சைகையால் நன்றி கூறினார். செவிடன் எனக் கருதப்பட்டவன் சொன்ன கதைக்கு அந்தச் சைகை பொருத்தமான பின்னுரையாயிற்று.

பள்ளிக்கூடங்களிலும் இந்நூல் அமைதியைக் குலைத்தது. 1974ஆம் ஆண்டு ஒகாயோ மாநிலத்தின் ஸ்ட்ரோங்ஸ்வில் நகரவாசிகள் ஐவர், இதனை வகுப்பிலிருந்து அகற்றுமாறு கல்விச் சபைமீது வழக்கிட்டனர். ஆபாசம் நிறைந்தது, குற்றச்செயலைப் போற்றுவது, இளைஞரைக் கெடுப்பது என்பன அவர்கள் சுமத்திய குற்றங்கள். 1978ஆம் ஆண்டு ஐடகோ மாநிலத்தின் சென். அந்தோனி என்ற ஊரில் இந்நூல் உயர்பாடசாலை வகுப்பறையிலிருந்து விலக்கப்பட்டது. அதனைப் பாடமாக வைத்த ஆசிரியர் வேலையிழந்தார்.

பெற்றோரின் கவலையை அறியாமை என்று எளிதில் தள்ளிவிடலாகாது. நாயகனாகக் கொண்டாடப்படும் மக்மர்பி, பருவம் எய்தாத பெண் ஒருத்தியுடன் தகாத உறவு கொண்டதாகக் கைது செய்யப்பட்டவன். அதனைப் பெருமையாகவும் பேசுகிறான். மாணவர் இதனை எவ்வாறு கொள்வர் என்று கேட்பது பெற்றோரின் உரிமை. ஆயினும் விடை நூலை எரிப்பதில் இல்லை. அதனைக் கூடியிருந்து ஆராய்வதில் உள்ளது. கேட்கக்கூடாத வினா என்று ஒன்றை ஒதுக்கிவைக்கும் வகுப்பறை, ராச்செட்டின் நோய்ப்பிரிவுக்கு அடுத்த அறையாகிவிடும். அந்த ஊரார் அதனை நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

இதுவரை கூறிய வாசகர் அனைவரும் மதிலுக்கு வெளியே நின்றவர்கள். உள்ளே இருந்தவர்களின் குரல் யாது? கதை நிகழும் ஒரிகன் மாநிலத்திலேயே, போர்ட்லண்ட் நகரில், 1970ஆம் ஆண்டு முன்னாள் நோயாளர் சிலர் கூடித் தமக்கென ஓர் இயக்கம் கண்டனர். எங்களைப் பற்றி எங்களைக் கேட்காமல் முடிவு செய்யாதீர்கள் என்பதே அவர்களுடைய கோரிக்கையின் சாரம். 1975ஆம் ஆண்டு யூன் மாதத்தில், திரைப்படம் வெளிவருவதற்குச் சில மாதங்களுக்கு முன்பு, அமெரிக்க உச்ச நீதிமன்றம் கென்னத் டொனால்ட்சன் என்பவரின் வழக்கில் தீர்ப்பளித்தது. ஏறத்தாழ 15 ஆண்டுகள் புளோரிடாவில் தம் விருப்பத்துக்கு மாறாக அடைத்து வைக்கப்பட்டவர் அவர். பிறருக்கு ஆபத்து விளைவிக்காமல், தாமாகவோ உற்றாரின் துணையோடோ வெளியே வாழக்கூடியவரை வெறுமனே அடைத்து வைக்கலாகாது என்று மன்று கூறியது. அத்தீர்ப்பு அவர் பட்ட துன்பத்தால் வந்தது. நாவலால் வந்தது அன்று. ஆனால் அதனை வரவேற்கும் மனநிலையை நாட்டில் உண்டாக்கியதில் நாவலுக்குப் பங்குண்டு.

மருத்துவர்களின் மறுமொழி இரு வகைப்பட்டது. சேலம் என்னும் ஒரிகன் மாநிலத் தலைநகரில் உள்ள அரசாங்க மனநோய் வைத்தியசாலையின் தலைவர் டீன் புரூக்ஸ் தம் வைத்தியசாலையையே படப்பிடிப்புக்குத் திறந்துவிட்டார். மருத்துவர் வேடத்தில் தாமும் நடித்தார். தம் நோயாளர் சிலருக்குப் படப்பிடிப்பில் வேலையும் பெற்றுக்கொடுத்தார். மறைப்பதைவிடக் காட்டுவது நன்று என்பது அவர் துணிபு. வேறு பலரோ இந்நூலும் படமும் சிகிச்சையின் பெயரையே கெடுத்துவிட்டன என்று வருந்தினர்.

அவர்களுடைய வருத்தத்தின் மையம் மின்னதிர்ச்சிச் சிகிச்சை. 1938ஆம் ஆண்டு உரோமாபுரியில் செர்லெட்டி, பினி என்ற இருவர் தொடங்கிய முறை அது. தொடக்கத்தில் மயக்கமருந்து இன்றியே அது அளிக்கப்பட்டது. உடல் துடித்து எலும்பு முறிந்ததும் உண்டு. சில இல்லங்களில் அது தண்டனையாகப் பயன்பட்டதும் உண்மை. கெசி கண்டித்தது அந்தக் கொடுமையையே. ஆனால் 1950களிலேயே மயக்கமருந்தும் தசையைத் தளர்த்தும் மருந்தும் கொடுத்துச் சிகிச்சை செய்யும் வழக்கம் பரவத் தொடங்கிவிட்டது. உணவை மறுத்து, உயிரையே வெறுக்கும் கடும் மனச்சோர்வில் அது பலரை மீட்டுள்ளது. நினைவு தடுமாறுதல் போன்ற பக்கவிளைவுகள் இருப்பினும் இன்றும் மருத்துவர்கள் அதனைக் கைவிடவில்லை. மக்கள் மனத்தில் பதிந்ததோ, விழித்திருப்பவனைப் பலர் பிடித்து அழுத்த, அவன் உடல் வில்லாக வளையும் திரைக்காட்சியே. 1982ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் பேர்க்லி நகர மக்கள் அச்சிகிச்சையைத் தடைசெய்ய வாக்களித்தனர். பின்னர் நீதிமன்றம் அத்தடையை நீக்கியது. 2002ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்றில், இப்படம் உள்ளிட்ட சில படங்களின் மின்னதிர்ச்சிக் காட்சிகளைப் பார்த்த மருத்துவ மாணவருள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு அச்சிகிச்சையின்மீது இருந்த ஆதரவு குறைந்தது. மருத்துவம் பயில்வோர்க்கே இந்நிலையென்றால், லயத்துக் காம்பராவில் மகளின் நோயைக் கண்டு கலங்கும் தாயின் அச்சத்தைச் சொல்லவேண்டியதில்லை.

இதனிடையே அமெரிக்க இல்லங்கள் வெறுமையாகிக்கொண்டே வந்தன. 1963ஆம் ஆண்டில் ஜனாதிபதி கெனடி சமுதாய மனநல நிலையங்களுக்கான சட்டத்தில் ஒப்பமிட்டார். புதிய மருந்துகளும், செலவைக் குறைக்க விரும்பிய மாநில அரசுகளும், உரிமை வழக்குகளும் சேர்ந்து, 1980ஆம் ஆண்டளவில் அரசாங்க இல்லங்களில் இருந்தோர் தொகையை ஒன்றரை இலட்சத்துக்கும் கீழே கொண்டுவந்தன. ஆனால் வாக்களித்த நிலையங்கள் போதிய அளவில் எழவில்லை. வெளியே வந்தவர் பலர் தெருவோரத்திலும் சிறைச்சாலையிலும் ஒதுங்கினர். நாவலின் இறுதியில் புரொம்டன் சாளரத்தை உடைத்து வெளியே பாய்கிறான், வாசகன் மகிழ்கிறான். அவன் மறுநாள் எங்கே உறங்கினான், யார் அவனுக்கு உணவிட்டனர் என்ற வினாவை நாவல் எழுப்பவில்லை. வரலாறு எழுப்பிற்று.

தமிழ் மக்களை இக்கதை வந்தடைந்தது பெரிதும் திரைப்படத்தின் வாயிலாகவே. 1986ஆம் ஆண்டில் பிரியதர்சன் இயக்கிய 'தாளவட்டம்' என்ற மலையாளப் படம் இதன் சாயலில் உருவானது. அப்படமே 1988ஆம் ஆண்டில் 'மனசுக்குள் மத்தாப்பூ' என்ற பெயரில், பிரபு நாயகனாக நடிக்கத் தமிழில் வெளிவந்தது. அமெரிக்கக் கதை மலையாள மண்ணில் மாறியது எவ்வாறு என்று நோக்குதல் பயனுடையது. செவ்விந்தியக் கதைசொல்லி மறைந்தான். அடக்கியாள்பவர் தாதியாக அன்றி ஆண் மருத்துவராக மாறினார். அவர் மகள்மீது நாயகன் கொண்ட காதல் கதையின் நடுவிடத்தைப் பிடித்தது. மாறாமல் நின்றது ஒன்று: வைத்தியசாலைக்குள் நலமாகச் சிரித்துக்கொண்டிருந்தவனை மூளை அறுவை அழித்துவிடும் என்ற அச்சம். அந்த அறுவை உலகெங்கும் ஏறத்தாழ மறைந்துவிட்ட காலத்திலும், அச்சம் மட்டும் புதிதாக நம் கரைக்கு இறக்குமதியாயிற்று.

தமிழ் எழுத்தாளர்கள் வேறு வழியில் சென்றனர். கோபிகிருஷ்ணன் 1980களில் எழுதிய 'உள்ளேயிருந்து சில குரல்கள்' மனநோயாளரின் உலகத்தையே களமாகக் கொண்டது. உளவியல் பயின்ற அவர் அங்கே வீரனையும் கொடியவரையும் மோதவிடவில்லை. தலைப்பு உணர்த்துவதுபோல் குரல்களைக் கேட்கச் செய்தார். எம். வி. வெங்கட்ராமின் 'காதுகள்' யாரும் பேசாதபோதும் செவிக்குள் ஒலிக்கும் குரல்களால் வதைபட்ட ஒருவனின் கதை. தம் சொந்த வேதனையிலிருந்து அவர் அதனை ஆக்கினார். அந்நூல் 1993ஆம் ஆண்டுச் சாகித்திய அக்காதெமிப் பரிசைப் பெற்றது. அமெரிக்க நாவலைப்போல் இவை கோடிக்கணக்கானவரை எட்டவில்லை. ஆனால் நோய் என்பது அதிகாரம் சூட்டிய பெயர் மட்டும் அன்று, அது மெய்யாகவே வலிக்கும் ஒன்று என்பதை இவை மறக்கவிடவில்லை.

இந்த வேறுபாடு நம்மவர்க்கு உயிர்நிலையானது. கெசி கண்ட ஆபத்து வைத்தியசாலையின் கை மிகையாக நீண்டுவிட்ட ஆபத்து. நம் மண்ணில் பெரும்பாலோர்க்கு நேர்ந்ததோ அந்தக் கை எட்டாமலே போன ஆபத்து. 2001ஆம் ஆண்டு ஓகஸ்ட் 6ஆம் நாள், தமிழ்நாட்டின் இராமநாதபுர மாவட்டத்தைச் சேர்ந்த ஏர்வாடியில், மனநோயாளரை வைத்திருந்த கொட்டகை ஒன்றில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தமையால் ஓட இயலாமல் 28 பேர் மாண்டனர். அங்கே ராச்செட் இல்லை, மின்னதிர்ச்சிப் பொறி இல்லை, மருத்துவரும் இல்லை. வழியறியாத உறவினரின் நம்பிக்கையும், இரும்புச் சங்கிலியுமே இருந்தன. வைத்தியசாலைக்கு அஞ்சுவது எவ்வளவு எளிது என்பதையும், அந்த அச்சத்தின் விலை என்ன என்பதையும் அந்த விடியற்காலை உணர்த்திற்று.

கதவைத் திறப்பதற்குச் சாளரத்தை உடைப்பது ஒன்றே வழி அன்று. சென்னை மனநோய் வைத்தியசாலை 1794ஆம் ஆண்டில் தோன்றி, 1871ஆம் ஆண்டில் கீழ்ப்பாக்கத்துக்கு மாறியது. 1961ஆம் ஆண்டில் அதன் தலைமையை ஏற்ற மருத்துவர் சாரதா மேனன், புறநோயாளர் சிகிச்சையை வளர்த்தார். குடும்பத்தாரையும் சிகிச்சையில் பங்குகொள்ளச் செய்தார். ஓய்வுபெற்றபின் 1984ஆம் ஆண்டில் மனச்சிதைவு நோயாளருக்கென 'ஸ்கார்ப்' என்னும் நிறுவனத்தை நிறுவினார். 2021ஆம் ஆண்டில் தம் 98ஆம் வயதில் மறையும்வரை அப்பணியை அவர் மறக்கவில்லை. இலங்கையிலும் 2005ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட மனநலக் கொள்கை, சிகிச்சையைத் தலைநகரத்து மதிலுக்குள் குவிக்காமல் மாவட்டங்கள்தோறும் கொண்டுசெல்ல வழிசெய்தது. 2008ஆம் ஆண்டில் அங்கொடை வைத்தியசாலை தேசிய மனநல நிறுவகம் என்ற பெயரைப் பெற்றது.

பெயர்ப்பலகை மாறுவதற்கு ஓர் ஆணை போதும். பேச்சு வழக்கு மாறுவதற்கு ஒரு தலைமுறை வேண்டும். கந்தப்பளையின் பனிமூட்டத்தில் கொழுந்து பறிக்கும் பெண் ஒருத்தி பல நாளாக உறங்காமல், தனக்குத்தானே பேசிக்கொள்வாளாயின், அவளைச் சுற்றியிருப்போர் முதலில் உச்சரிக்கும் சொல் எது என்பதைப் பொறுத்தே அவள் மருந்துக்குச் செல்வதும் மறைத்து வைக்கப்படுவதும் அமையும். 'அங்கொடை' என்ற கேலி எழும் இடத்தில் நோய் ஒளிந்துகொள்ளும். ஒளிந்த நோய் முற்றும்.

கெசியின் நாவலை விடுதலைக் காவியமாகப் படித்தவர் பலர்; பெண்மைக்கு இழுக்காகப் படித்தவர் சிலர்; ஆபாசமென ஒதுக்கியவரும் உளர். இவர்களுள் எவரும் முற்றிலும் பிழையாகப் படிக்கவில்லை. ஆனால் யாவருக்கும் பொதுவான பாடம் ஒன்று கதைசொல்லியிடமே உள்ளது. கேளாதவன் என்று அனைவரும் எண்ணிய அவன், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். அவனுக்குப் பேச வருமா என்று எவரும் வினவாமையால் பேசாதிருந்தான். மக்மர்பி இரவில் அவனருகே படுத்து, மனிதனிடம் பேசுவதுபோல் பேசியபோதுதான் அவன் வாய் திறந்தது. நோயுற்றவரின் முன்னிலையில் அவரைப் பற்றிப் பேசுவதை விடுத்து, அவரோடு பேசுதல் வேண்டும். மருந்தும் மருத்துவரும் அதன்பின் தம் கடமையைச் செய்வர்.